அஞ்சல் பறந்த கதை – 7: படம் ஏறிய பாதை

சென்ற இதழில் 1982 ஆகஸ்டில் நிறுத்தியிருந்தோம். ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற இணைய விதி ஆவணம், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் முறையை வகுத்தது. டேவிட் கிராக்கர் எழுதிய 822, அந்த அஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி, ஒரு வெற்று வரி, அதன் கீழே கடிதம். இன்றுவரை மின்னஞ்சலின் எலும்புக்கூடு இதுதான்.

அந்தக் கடிதத்தோடு வேறெதையும் சேர்த்து அனுப்ப வழியில்லை என்பதுதான் அன்றைய குறை. படம், குரல்பதிவு, கணக்குத்தாள் எதற்கும் இடமில்லை. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளுக்கும் இடமில்லை. போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. முறையில் ஒவ்வொரு எழுத்தும் 7 பிட் கொண்ட ஆஸ்கி குறியாக இருக்க வேண்டும். மொத்தம் 128 குறிகள். அவற்றிலும் 33 வெறும் கட்டளைகள். எட்டாவது பிட்டை வழியிலுள்ள எந்தக் கணினியும் வெட்டிவிடலாம், விதி அதை அனுமதித்தது. ஒரு வரி 1000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு வரம்பு இருந்தது. படக்கோப்பு என்பது 0 முதல் 255 வரை எந்த எண்ணும் எந்த வரிசையிலும் வரக்கூடிய பைட்டுகளின் ஓட்டம். அதற்கு வரியும் கிடையாது, வரம்பும் கிடையாது. அதை அப்படியே இந்தப் பாதையில் விட்டால் மறுமுனையில் வந்து சேர்வது படமாக இருக்காது.

தமிழும் இந்தப் பாதையில் சிக்கியிருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் நம்மவர்கள் பயன்படுத்திய திஸ்கி முறையில், தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட இடங்களில்தான் வைக்கப்பட்டிருந்தன. எட்டாவது பிட் வெட்டுப்பட்டால் தமிழ்க் கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாக மாறிவிடும்.

பழைய சாலை, புதிய சரக்கு

வழி தேடியவர்கள் இருந்தார்கள். 1980இல் பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் யூயூஎன்கோடு என்ற நிரலை எழுதினார். எந்தக் கோப்பையும் அச்சிடத்தக்க ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும். பெறுபவர் அதை வெட்டி எடுத்து, எதிர்நிரலில் இட்டுப் பழைய கோப்பாக ஆக்கிக்கொள்ள வேண்டும். யூனிக்ஸ் உலகத்துக்கு அது பெரும் வரம். ஆனால் அந்த முறை இடைவெளிக் குறியையும் ஓர் எழுத்தாகப் பயன்படுத்தியது. வழியிலிருந்த சில கணினிகள் வரியின் கடைசியிலிருந்த இடைவெளிகளைத் தேவையற்றவை என்று கருதி நீக்கிவிட்டன. ஐபிஎம் பெருங்கணினிகள் ஆஸ்கியைப் பயன்படுத்தவில்லை. அவற்றின் எப்சிடிக் முறைக்கு மாற்றி மீண்டும் ஆஸ்கிக்குத் திருப்பும்போது சில நிறுத்தக்குறிகள் வேறாகிவிடும். ஒரே ஒரு குறி மாறினாலும் கோப்பு பாழ்.

கடிதத்துக்குள் இருப்பது என்ன வகைப் பொருள் என்று தலைப்பு வரியிலேயே சொல்லலாம் என்ற யோசனையை, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்வின் சிர்பு 1988இல் ஆர்.எஃப்.சி. 1049ஆக எழுதினார். கன்டென்ட்-டைப் என்ற அந்தத் தலைப்பு வரி இன்று உலகின் ஒவ்வொரு வலைப்பக்கத்தோடும் பயணிக்கிறது. அதற்கும் முன்பே, 1985இல், மார்ஷல் ரோஸும் ஐனார் ஸ்டெஃபெருடும் ஒரு கடிதத்துக்குள் பல கடிதங்களை வைக்கச் சிறுகோடுகளால் ஆன பிரிப்பு வரியைப் பயன்படுத்தலாம் என்று ஆர்.எஃப்.சி. 934இல் சொல்லியிருந்தார்கள். விதைகள் இப்படிச் சிதறிக் கிடந்தன. ஒன்றாக்கி வளர்க்க ஆள் வேண்டியிருந்தது.

இருவர் வந்தார்கள். ஒருவர் நத்தானியேல் போரன்ஸ்டீன். கார்னகி மெல்லனும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய ஆண்ட்ரூ திட்டத்தில் படமும் ஒலியும் கொண்ட அஞ்சல் அமைப்பை ஏற்கெனவே உருவாக்கியிருந்தவர். அங்கே அது அழகாக வேலை செய்தது. வளாகத்துக்கு வெளியே அனுப்பினால் யாருக்கும் புரியவில்லை. பிறகு அவர் நியூ ஜெர்சியில் பெல்கோர் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஏ.டி.&டி. 1984இல் உடைக்கப்பட்டபின் வட்டாரத் தொலைபேசி நிறுவனங்களுக்காக உருவான ஆய்வகம் அது. மற்றவர் நெட் ஃப்ரீட், கலிஃபோர்னியாவில் இன்னோசாஃப்ட் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். அஞ்சலை ஒரு வலைப்பின்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் மென்பொருளை எழுதியவர். எந்தக் கணினி எதை வெட்டும், எதைத் திரிக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஒருவருக்குக் கனவு, மற்றவருக்குப் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் பரிச்சயம். இந்தச் சேர்க்கை அமைந்தது நம் நல்லகாலம் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிய அஞ்சல் முறையை எழுதலாம் என்ற குரல்களும் அந்நாளில் வலுவாக இருந்தன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பின் எக்ஸ்.400 என்ற முறை படத்தையும் ஒலியையும் தாங்கும்படியாகவே வடிவமைக்கப்பட்டது. அரசுகளின் ஆதரவும் அதற்கு இருந்தது. போரன்ஸ்டீனும் ஃப்ரீடும் வேறு வழியைத் தேர்ந்தார்கள். இருக்கும் எந்தக் கணினியையும் மாற்றச் சொல்லாமல், இருக்கும் எந்த விதியையும் மீறாமல், பழைய சாலையில் புதிய சரக்கை ஏற்றுவது. 1992 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1341ஆக அது வெளிவந்தது. பெயர் மைம்.

எல்லை வரி

மைமின் உயிர்நாடி ஓர் எளிய ஏற்பாடு. ஒரு கடிதத்தில் பல பகுதிகள் இருக்கும் என்றால், அனுப்பும் மென்பொருள் முதலில் ஒரு குறிச்சொல்லைத் தேர்ந்து தலைப்பு வரியில் அறிவித்துவிட வேண்டும். ஒவ்வொரு பகுதியும் தொடங்குமுன் இரண்டு சிறுகோடுகளும் அந்தக் குறிச்சொல்லும் கொண்ட தனி வரி ஒன்று வரும். கடைசிப் பகுதி முடிந்ததும் அதே வரி, கூடுதலாக இரண்டு சிறுகோடுகளோடு. பெறும் மென்பொருள் அந்த வரிகளைத் தேடிப் பார்த்து வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தலைப்பு வரிகள் உண்டு: இது உரை, இது படம், இது ஒலி, இது இந்த முறையில் மாற்றப்பட்டது.

ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நீளம் என்று எண்ணி முன்கூட்டியே சொல்லிவிட்டால் எளிதில்லையா என்று தோன்றும். 1990இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1154 அப்படித்தான் செய்தது. எத்தனை வரிகள் என்று தலைப்பிலேயே எழுதச் சொன்னது. ஆனால் கடிதம் போகும் வழியில் ஒரு கணினி நீண்ட வரியை இரண்டாக மடிக்கும், இன்னொன்று வரி முடிவுக் குறியை மாற்றும், வேறொன்று அடியில் ஒரு வரியைச் சேர்க்கும். எண்ணிக்கை பொய்த்தால் எல்லாப் பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். எல்லை வரி இதற்கெல்லாம் அசையாது. எத்தனை வரி கூடினாலும் குறைந்தாலும், குறிச்சொல் அப்படியே இருந்தால் போதும்.

அந்தக் குறிச்சொல் கடிதத்துக்குள்ளேயே எங்காவது வந்துவிட்டால்? வராதபடி தேர்வது அனுப்புபவரின் பொறுப்பு. நீளமான, கண்டபடி அமைந்த எழுத்துகளை எடுத்தால் தற்செயலாக மோத வாய்ப்பு மிக அரிது. சமக்குறியை அடுத்து அடிக்கோடு வரும்படி குறிச்சொல்லை அமைத்தால், மைம் வகுத்த இரண்டு மாற்றுமுறைகளிலும் அந்தச் சேர்க்கை வரவே முடியாது என்று ஒரு குறிப்பையும் விதியிலேயே எழுதிவைத்தார்கள். விதி எழுதுபவர்கள் நிரலாளர்களின் சிரமத்தை நினைத்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

அந்த இரண்டு மாற்றுமுறைகளில் ஒன்று பேஸ்64. மூன்று பைட்டுகளை, அதாவது 24 பிட்டுகளை, ஆறாறு பிட்டாக நான்கு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்தைத் தரும் முறை. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு: 64. இந்த 64ஐத் தேர்ந்ததற்குக் காரணம், ஆஸ்கியின் எல்லா நாட்டு வடிவங்களிலும் ஐபிஎம்மின் எப்சிடிக்கிலும் இவை சேதமின்றி உலவும் என்பதே. யூயூஎன்கோடு விழுந்த குழியில் இது விழவில்லை. விலையும் உண்டு: மூன்று நான்காகிறது. 76 எழுத்துக்கு ஒரு வரி என்று மடிப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 37 விழுக்காடு பருமன் கூடும். 25 எம்.பி. வரை கடிதம் ஏற்கும் ஒரு சர்வருக்கு உண்மையில் 18 எம்.பி. கோப்பைத்தான் அனுப்ப முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

மற்றொரு முறை, எழுத்துகளை அப்படியே விட்டு ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்டுகளை மட்டும் சமக்குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதுவது. பிரெஞ்சு, ஜெர்மன் கடிதங்களுக்கு அது பொருத்தம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குறியிட்ட எழுத்து வரும். தமிழுக்கு அது சுமை. யூனிகோடின் யூ.டி.எஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். இந்த முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி, குறி ஒன்றுக்கு ஒன்பது எழுத்து பிடிக்கும். பேஸ்64இல் நான்கு போதும். 'அ' என்ற எழுத்தின் பைட்டுகள் 224, 174, 133. பேஸ்64இல் அது 4, கே, 6, எஃப் என்று வரும். தமிழ்க் குறிகள் எல்லாமே 224இல் தொடங்கி 174 அல்லது 175ஐ அடுத்ததாகக் கொண்டவை. அதனால் தமிழில் தலைப்பிட்ட ஒரு மின்னஞ்சலின் மூல வடிவைத் திறந்து பார்த்தால், 4, கே என்ற இணை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அந்த இணையைக் கண்டே உள்ளே இருப்பது தமிழாக இருக்கலாம் என்று ஊகித்துவிடலாம்.

நால்வர் பாட்டு

விதி நூலாக வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே, 1992 மார்ச் 11 அன்று, போரன்ஸ்டீன் சோதனைக் கடிதம் ஒன்றைச் சக ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். உரையோடு ஒரு புகைப்படமும் ஓர் ஒலிப்பதிவும் இருந்தன. படத்தில் இருந்தது டெலிஃபோன் கார்ட்ஸ் என்ற நால்வர் பாடற்குழு. பெல்கோர் ஊழியர்கள் சேர்ந்து வாத்தியமின்றி நான்கு குரலில் பாடும் குழு. போரன்ஸ்டீனும் அதில் ஒருவர். 1910ஆம் ஆண்டுக் காதல் பாட்டொன்றின் மெட்டில் மின்னஞ்சலைப் பற்றித் தாங்களே வரிகளைக் கட்டிப் பாடியிருந்தார்கள். நாம் இன்று இணைப்பு என்று அழைக்கும் பொருளுக்கு வரலாற்றாசிரியர்கள் தொடக்கமாகச் சுட்டுவது இந்தக் கடிதத்தைத்தான்.

அஞ்சலில் படம் எதற்கு என்று கேட்டவர்கள் அன்று பலர். எனக்கு ஒருநாள் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்களின் படத்தை நான் அஞ்சலில் பார்க்க வேண்டும் என்று போரன்ஸ்டீன் பதில் சொல்வாராம். கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், படங்களும் அஞ்சலில் வந்தன.

அவர் செய்த இன்னொரு காரியம் போதிய அளவு பேசப்படுவதில்லை. மெட்டாமெயில் என்ற நிரலை எழுதி யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அப்போது புழக்கத்திலிருந்த பல அஞ்சல் மென்பொருள்கள், மைம் கடிதம் வந்தால் அதை மெட்டாமெயிலிடம் கொடுத்துவிட்டால் போதும்; படத்தையும் ஒலியையும் அது பார்த்துக்கொள்ளும். ஒரு தரம் பரவ வேண்டுமானால் தாளில் எழுதினால் மட்டும் போதாது, வேலை செய்யும் நிரலும் கையில் இருக்க வேண்டும்.

படத்தைக் கடிதத்துக்குள்ளேயே காட்டுவதா, தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைப்பதா, அதற்குப் பெயர் என்ன என்பவற்றைச் சொல்லும் தலைப்பு வரி 1995இல் ஆர்.எஃப்.சி. 1806ஆக வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஸ்டீவ் டார்னர்; யூடோரா என்ற புகழ்பெற்ற அஞ்சல் மென்பொருளின் ஆசிரியர்.

வலைக்குத் தாவிய உறை

அதே 1995இல் கதை வேறு களத்துக்குப் போகிறது. வலைப்பக்கங்களில் படிவங்கள் வந்துவிட்டன. பெயரை எழுது, ஊரை எழுது, பொத்தானை அழுத்து. அழுத்தினால் உலாவி எல்லாவற்றையும் ஒரே நீண்ட வரியாகக் கோத்து அனுப்பும். ஆங்கில எழுத்து, எண் முதலான சில குறிகள் தவிர்த்த எல்லா பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக மும்மடங்காகும். பெயருக்கும் ஊருக்கும் அது தாங்கும். ஒரு படக்கோப்புக்குத் தாங்காது. தவிர, கோப்பைத் தேர்ந்தெடுக்கப் படிவத்தில் பெட்டியே இல்லை.

ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னஸ்டோ நெபலும் லாரி மாசின்ட்டரும் 1995 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1867ஐ எழுதினார்கள். சோதனை முயற்சி என்ற தகுதியோடுதான் அது வெளியானது. படிவத்தில் கோப்பு என்ற புதுவகைப் பெட்டி ஒன்று. அனுப்ப மல்ட்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்ற புதுவகை உறை ஒன்று. உறையைப் பிரித்துப் பார்த்தால் மூன்றாண்டுக்கு முன் மைம் வகுத்தது அப்படியே இருக்கிறது: எல்லை வரி, பகுதிக்கொரு தலைப்பு, வெற்று வரி, உள்ளடக்கம், மீண்டும் எல்லை வரி. படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பகுதி. அதன் பெயரும், கோப்பானால் கோப்பின் பெயரும் தலைப்பில் வரும்.

ஒன்று மட்டும் மாறியது. வலையின் எச்.டி.டி.பி. முறைக்கு 7 பிட் கட்டு கிடையாது. எந்த பைட்டும் எந்த வரிசையிலும் போகலாம். ஆகவே பேஸ்64 தேவைப்படவில்லை. கோப்பு மாற்றமின்றி, பருமன் கூடாமல், எல்லை வரிகளுக்கு நடுவே அப்படியே ஏறியது.

நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் இரண்டாம் பதிப்பு இதை ஏற்றது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் எழுதிய பிஎச்பி தன் தொடக்கக்காலப் பதிப்பிலேயே இப்படி வரும் கோப்புகளைப் பிரித்துக் கொடுத்தது. அதன்பின் நடந்தவை வாசகர்கள் வாழ்ந்து பார்த்தவை. உலாவியில் அஞ்சல் தரும் சேவைகள் வந்தன, காகித ஊசிப் படத்தை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தோம். அந்த ஓர் அழுத்தலில் உறை இருமுறை கட்டப்பட்டது. உலாவியிலிருந்து சேவையின் கணினி வரை படிவ உறை. அங்கிருந்து பெறுநர் வரை அஞ்சல் உறை.

நிரல் எழுதும் கடிதம்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், மனிதர் எழுதாத கடிதங்கள் பெருகின. ரயில் சீட்டு, மருத்துவப் பரிசோதனை முடிவு, வங்கிக் கணக்கு விவரம், கட்டண ரசீது எல்லாம் ஒரு நிரல் உருவாக்கி அனுப்பும் கடிதங்கள். அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாக அஞ்சல் சர்வர் வைத்திருந்த காலம் போய், வாடகைக் கணினிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த வாடகை முகவரிகளிலிருந்து குப்பை அஞ்சலும் கொட்டியதால், அங்கிருந்து வரும் நல்ல கடிதங்களையும் பெறும் சர்வர்கள் ஐயத்தோடு பார்த்தன. அஞ்சல் அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இந்த இடைவெளியில் முளைத்தன. 2009இல் செண்ட்கிரிட், 2010இல் மெயில்கன், 2011 ஜனவரியில் அமேசானின் எஸ்.இ.எஸ். எஸ்.எம்.டி.பி. பேசத் தெரியாத நிரலாளரும் ஒரு வலை முகவரிக்குச் செய்தி அனுப்பினால் போதும், கடிதம் போய்விடும். ஏ.பி.ஐ. வழி அஞ்சல் என்பது இதுதான்.

இணைப்பை அந்த வலை முகவரிக்கு எப்படிக் கொடுப்பது? இங்கே பாதை பிரிகிறது. எவ் கொன்ட்செவாயும் டெய்லர் வேக்ஃபீல்டும் நிறுவிய மெயில்கன், 1995ஆம் ஆண்டின் படிவ உறையையே எடுத்துக்கொண்டது. அனுப்புநர் ஒரு கட்டம், பெறுநர் ஒரு கட்டம், பொருள், உரை. இணைப்பு வேண்டுமானால் அட்டாச்மென்ட் என்ற பெயரில் ஒரு கோப்புக் கட்டம். இரண்டு கோப்பானால் அதே பெயரில் இரண்டு பகுதிகள். படிவமும் இல்லை, உலாவியும் இல்லை; படிவத்தை நிரப்பிய மனிதர்போல நிரல் நடந்துகொள்கிறது. செண்ட்கிரிட்டின் முந்தைய ஏ.பி.ஐ.யும் கோப்பை இப்படித்தான் வாங்கியது. பின்னர் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, எல்லாவற்றையும் ஒரே ஜேசன் உரையாகக் கேட்கத் தொடங்கியது. ஜேசன் எழுத்துகளை மட்டுமே தாங்கும். ஆகவே கோப்பைப் பேஸ்64 ஆக்கித்தான் அதற்குள் வைக்க வேண்டும். அமேசானில் எளிய வழியில் இணைப்புக்கு நீண்ட காலம் இடமே இல்லை. முழு மைம் கடிதத்தையும் நிரலாளரே கட்டி மூலவடிவில் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இந்த மூன்றில் எது நல்லது என்ற வழக்கில் நான் படிவ உறையின் பக்கம். ஒரு பள்ளிக் கட்டண ரசீதை எடுத்துக்கொள்வோம், மூன்று லட்சம் பைட் கொண்ட பி.டி.எஃப். கோப்பு. படிவ உறையில் அது எல்லை வரிகளும் தலைப்புகளுமாகச் சில நூறு பைட் மட்டுமே கூடி ஏ.பி.ஐ.க்குப் போகும். ஜேசனில் அது முதல் அடியிலேயே நான்கு லட்சமாகிவிடும். அதுவும் பெரும்பாலும் முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். படிவ உறையிலோ வட்டிலிருந்து படிக்கப் படிக்க அனுப்பிக்கொண்டே போகலாம். ஏ.பி.ஐ. நிறுவனம் பிறகு அந்தக் கோப்பைப் பேஸ்64 ஆக்கி, 76 எழுத்து வரிகளாக மடித்து, மைம் கடிதமாகக் கட்டி, எஸ்.எம்.டி.பி. வழியே விடும், அப்போது ஏறத்தாழ 4,10,000 பைட். கடைசிக் கட்டத்தில் தவிர்க்க முடியாத சுமையை முதல் கட்டத்திலேயே ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஜேசன் எழுத எளிது, சோதிக்க எளிது என்பதை மறுக்கவில்லை. சிறு கோப்புகளுக்கு அது போதும். பெரிய கோப்புகளை அன்றாடம் அனுப்பும் இடத்தில் அதைத் தேர்வது வீண்செலவு.

கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கு இந்த உறையைக் கட்டித் தருவது பெரும்பாலும் சுவீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் எழுதிய கர்ல். பெரிய எஃப் என்ற விசையைக் கொடுத்து, கட்டத்தின் பெயர், சமக்குறி, அதன்பின் @ குறி, கோப்பின் பெயர் என்று எழுதினால் போதும். 1971இல் ரே டாம்லின்சன் ஆளையும் கணினியையும் பிரிக்கத் தேர்ந்த அதே குறி, இங்கே இது சொல் அல்ல, கோப்பு என்று கர்லுக்குச் சொல்கிறது.

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் பிழை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் புதிய நிரலாளர்கள் இதில் தடுக்குகிறார்கள். கன்டென்ட்-டைப் வரியை மல்ட்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்று தாங்களே எழுதிவிடுவார்கள். எல்லைக் குறிச்சொல்லோ அவர்கள் பயன்படுத்தும் நூலகம் உள்ளே தேர்ந்த ஒன்று. அந்த வரியில் அது இடம்பெறாமல் போய்விடும். மறுமுனை சர்வருக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது. கடிதம் வந்தது, பகுதி ஒன்றுமில்லை என்று திருப்பிவிடும். தலைப்பை எழுதும் வேலையை நூலகத்திடமே விட்டுவிடுவதே தீர்வு. உங்கள் உலாவியில் கோப்பு ஏற்றும் ஒரு பக்கத்தைத் திறந்து, நிரலாளர் கருவியில் வலைப் பகுதியைப் பாருங்கள். குரோமில் நான்கு சிறுகோடுகளும் வெப்கிட்ஃபார்ம்பவுண்டரி என்ற சொல்லும் அதையடுத்துக் கண்டபடி 16 எழுத்துகளும் தெரியும். 1992இன் எல்லை வரி அதுதான்.

கோப்பின் பெயர் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். 'ரசீது' என்று தமிழில் பெயரிட்ட கோப்பு படிவ உறையில் போகும்போது உலாவி அந்தப் பதினைந்து பைட்டுகளை யூ.டி.எஃப்-8ஆக அப்படியே வைக்கிறது. அஞ்சல் உறைக்கு மாறும்போது விதி வேறு: 1997இன் ஆர்.எஃப்.சி. 2231 சொல்வதுபோல விழுக்காட்டுக் குறிகளோடு எழுத வேண்டும். பதினைந்து பைட் நாற்பத்தைந்து எழுத்தாகும். எல்லா மென்பொருளும் இதை மதிப்பதில்லை. தமிழ்ப் பெயரிட்ட இணைப்பு மறுமுனையில் பெயரில்லாக் கோப்பாகவோ குறிக்குவியலாகவோ வந்தால், பிழை பெரும்பாலும் இந்த இரு உறைகளுக்கு நடுவே நிகழ்ந்ததாக இருக்கும். அஞ்சல் மென்பொருள் எழுதும் தமிழ் நிரலாளர்கள் சோதனைக் கோப்புகளில் ஒன்றுக்காவது தமிழில் பெயரிட வேண்டும். நாம் சோதிக்காவிட்டால் வேறு யாரும் நமக்காகச் சோதிக்கப் போவதில்லை.

அந்தப் பெயரை நம்பவும் கூடாது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், கோப்பு பயனரின் வட்டில் எந்த அடைவில் இருந்தது என்பதையும் சேர்த்தே அனுப்பியது. தீயவர்கள் இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் கொண்ட பெயரை அனுப்பி, சர்வரில் வேறிடத்தில் கோப்பை எழுதவைக்க முயல்வார்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐலவ்யூ புழு, பெயரின் நடுவே உரைக்கோப்பின் விகுதியை வைத்துக் கடைசியில் நிரலின் விகுதியை ஒளித்துக்கொண்டு வந்தது. வந்த பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சேமிக்கும் பெயரைச் சர்வரே சூட்ட வேண்டும்.

மாசின்ட்டர் தன் பழைய விதியை 1998இல் ஒருமுறையும் 2015 ஜூலையில் இன்னொரு முறையும் திருத்தி எழுதினார். கடைசியாக வந்தது ஆர்.எஃப்.சி. 7578. பல கோப்புகளை உறைக்குள் உறையாக வைக்கலாம் என்ற பழைய அனுமதியை அது கைவிட்டது; ஒரே பெயரில் பல பகுதிகள் என்று நடைமுறை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதை விதியாக்கியது. நெட் ஃப்ரீட் 2022இல் காலமானார். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அஞ்சல் தரங்களுக்கே கொடுத்த மனிதர். அவரது பெயர் அறிந்தவர்கள் துறைக்கு வெளியே மிகக் குறைவு. அந்தக் குறையை இந்த அத்தியாயம் கொஞ்சமேனும் போக்கினால் மகிழ்வேன்.

இன்றும் ஏறத்தாழ ஒவ்வொரு மின்னஞ்சலின் மூலவடிவிலும் மைம்-வெர்ஷன் 1.0 என்ற வரி இருக்கிறது. எண் மாறினால் பெறும் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று 1992இல் எழுதிவைக்கத் தவறிவிட்டதால், அந்த எண்ணை இதுவரை யாரும் மாற்றவில்லை.

அடுத்த இதழில்: அனுப்புநர் இவர்தான் என்று கடிதத்தை மெய்ப்பிக்கும் கையெழுத்து, டிகேஐஎம் உருவான கதை.

(தொடரும்)